வெட்டிய புல் யாருக்குச் சொந்தம்?

மூன்று வருடத்துக்கு முன்பு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மெஸ்ஸி பெர்குசன் 135 டிராக்டர் வாங்கினேன். 2,800 ரிங்கிட். தெலுக் இந்தான் பக்கம் எனக்கிருக்கும் இரண்டு ஏக்கரில் தென்னைகளுக்கு நடுவே லாலாங் இடுப்பளவு வளர்ந்துவிடும். மருந்தடிக்க மனம் வரவில்லை. அம்மா இருபது வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர். பராகுவாட்டை இந்த நாட்டில் 2020 ஜனவரியில்தான் முழுதாகத் தடை செய்தார்கள். அம்மாவின் விரல் நகங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன.

வண்டி எங்கள் தோட்டத்து வண்டிதான். அதை 31 வருடம் ஓட்டியவர் லயத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளியிருந்த மாமா. சொந்த மாமா இல்லை. தோட்டத்தில் எல்லாரும் மாமாதானே. தோட்டம் கைமாறியபோது இரும்பு விலைக்காவது கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார். கம்பெனி சொத்து, அப்படியெல்லாம் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் லோரி வந்து இரும்புக்குத்தான் ஏற்றிப்போனது. நான் வாங்கிய அன்றைக்கே அவருக்குப் போன் போட்டேன். "தொடாத. நான் வரேன்," என்றார்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. மாமா மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, "ஊறட்டும், அவசரப்படுத்துனா ரிங்கு ஒடைஞ்சிரும்" என்று போய்விட்டார். ஐந்தாம் நாள் முன்பக்கத்து நட்டில் நீளக் கம்பியைப் போட்டு அசைத்தார். விரற்கடை நகர்ந்தது. மறுபடி பின்னால். மறுபடி முன்னால். டேங்கைத் திறந்தால் தண்ணீரும் கறுப்புச் சேறும். கழுவி, ஃபில்டர் மாற்றி, காற்றெடுக்க உட்கார்ந்தோம். டீசல் எஞ்சினுக்குக் குழாயில் காற்று நின்றால் போச்சு. முதலில் ஃபில்டர் திருகு, பிறகு பம்ப் திருகு, கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். நுரை வரும். நுரை அடங்கி டீசல் மட்டும் பீச்சும்போது இறுக்கணும். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. ஈரத்தில் ஒட்டிப்போன கிளட்ச் தட்டுக்குப் பெடலில் கட்டையை முட்டுக்கொடுத்து எஞ்சினைச் சூடேற விட்டார். சட்டென்று விட்டுக்கொடுத்தது. மூன்று வாரம். கூலி என்று நான் நீட்டியதை அவர் பார்க்கக்கூட இல்லை.

சாவி அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. வாரம் ஒருநாள் வந்து ஸ்லாஷரை மாட்டிப் புல்லை வெட்டிவிட்டுப் போவார். நானும் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை கொட்டகையில் வண்டி இல்லை. பத்து மணிக்குப் பழைய தோட்டத்துக் காவலாளி கூப்பிட்டார். மாமா இடுகாட்டுக்குள் வண்டியை ஓட்டிப்போய்ப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தை அங்கேதான் இருக்கிறார், என் தாத்தாவும்தான். நிலம் இப்போது கம்பெனியுடையது, அனுமதி கேட்கணுமாம். நான் போனபோது பாதி வெட்டியாகிவிட்டது. காவலாளி முன்னால் எனக்கு மானம் போனது போலிருந்தது.

"என்ன மாமா, என் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

எஞ்சினை நிறுத்தினார். சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்துபோனார். காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மீதிப் பாதியை வெட்டச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரியில் ஜான் லாக் படித்திருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாய்க் கிடக்கிற ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்று 1689இல் வெளியான நூலில் எழுதினார். தோட்டத்துப் பிள்ளையான எனக்கு அன்றைக்கு அது எங்களுக்காகவே எழுதின மாதிரி இருந்தது. காட்டை அழித்தது யார், ரப்பர் நட்டது யார்? அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: தன் குதிரை மேய்ந்த புல்லும், தன் வேலைக்காரன் வெட்டிய புற்கரணையும் தன்னுடைமையே என்று. அன்றைக்கு அதைப் படிக்காமலே தாண்டியிருக்கிறேன். வேலைக்காரனின் வியர்வை எஜமானின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் மாமாவின் 31 வருடம் கம்பெனிக்கு. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சரி. அந்த மூன்று வாரம்? அதற்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. அவர் என் வேலைக்காரரும் இல்லை.

ரசீது என் பெயரில் இருக்கிறது, மறுக்கவில்லை. சட்டத்திடம் போனால் இரண்டு நிமிடத்து வேலை. ஆனால் இரும்புக் கடையில் நான் வாங்கியது ஓடாத இரும்பு. ஓடுகிற வண்டியை யாரிடமும் வாங்கவில்லை. அதைவிட என்னை உறுத்துவது அந்த "என் வண்டி". அவரை அனுப்பிவைத்த ஆபீஸ்காரரும் இப்படித்தான் சொல்லியிருப்பார். இதைவிட மரியாதையாகவே சொல்லியிருக்கக்கூடும்.

இரண்டு மாதம் அவர் வரவில்லை. லாலாங் முழங்காலைத் தொட்டது. ஒருநாள் நானே முயன்றேன், சுற்றியது, பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு அவருடைய மலிவுவிலை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. சாவியை டிவி பக்கத்தில் வைத்தேன். இரவலா, திருப்பிக் கொடுத்ததா என்று அவரும் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியவில்லை.

"டேங்க்ல டீசல் எவ்ளோ இருந்துச்சு?" என்றார்.

"பார்க்கல மாமா."

"காஞ்சி போயிருக்கும். காத்து வாங்கியிருக்கும்." எழுந்து சட்டையைத் தேடினார். "பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரு எங்க வச்ச?"