கைத்தொலைபேசிக் கடைத்தெருவும் நம் தராசும்

 

மதீனா மாநகரில் ஒரு வெள்ளிக்கிழமை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நின்றவண்ணம் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். அவ்வேளை உணவுச் சரக்கேற்றிய வணிகக் கூட்டம் ஒன்று ஊருக்குள் வந்து சேர்ந்தது. சரக்கு வந்த செய்தியை முரசறைந்து தெரிவிப்பது அக்கால வழக்கம் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகின்றனர். செய்தி கிடைத்ததும் ஜனங்கள் எழுந்து போய்விட்டனர். எஞ்சியவர் பன்னிருவரே என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படுகிறது. அதையொட்டி இறங்கியதே ஸூரத்துல் ஜுமுஆவின் கடைசி ஆயத்து. அதில் வியாபாரத்தையும் வேடிக்கையையும் அல்லாஹுத் தஆலா சேர்த்தே குறிப்பிடுகிறான். அதற்கு முந்திய ஆயத்திலோ, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடும்படி ஏவுகிறான். ஆகவே வியாபாரமும் தடையில்லை, சரக்கு வந்ததை ஊருக்கு அறிவிப்பதும் தடையில்லை. அறிவிப்பு எந்த நேரத்தில், எந்த விதத்தில் நடக்கிறது என்பதே விசாரணைக்குரியது.

வியாபாரமும் வேடிக்கையும் ஒன்றாய்க் கலந்த கடைத்தெரு ஒன்று இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. முகநூல், 2010-இல் தோன்றிய இன்ஸ்டாகிராம், பின்னர் வந்த டிக்டாக் ஆகியவற்றைச் சொல்கிறோம். அங்கே பாட்டும் கூத்தும் ஓடுகிற அதே ஓட்டத்தில் நம் முர்தபாவும், மசாலாத்தூளும், பெருநாள் துணியும் ஓடுகின்றன.

நம் பெரியவர்கள் கடாரத்து மண்ணில் கடை வைத்த காலத்தில் விளம்பரம் என்றால் கடைப் பலகை, வருஷப் பிறப்புக்குச் சுவர் நாட்காட்டி, ரமலானுக்கு நோன்பு நேர அட்டை, அவ்வளவே. வாடிக்கைக்காரர் தாமே வந்தார். சம்பள நாளில் தோட்டத்து லயங்களிலிருந்து 555 புத்தகத்துடன் வந்து, பழைய பாக்கியைத் தீர்த்துப் புதுக் கணக்குத் தொடங்கினார். பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் பலவும் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் வந்து வீடு வாங்கிக்கொண்டன. அவர்கள் பிள்ளைகள் கடைக்கு வருமுன் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அதுவரை இதை விளையாட்டென்று ஒதுக்கிய கடைக்காரர்களும் படம் எடுக்கத் தொடங்கினர். கதவு அடைபட்ட கடைக்கு அன்று அது ஒரு சன்னலாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்த உபகாரத்தை நாம் மறுக்கலாகாது.

உருவப்படம் கூடுமா என்று சில மூத்தவர்கள் இன்னும் கேட்கின்றனர். ஆலிம்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. நாம் அதில் நுழையவில்லை. கொத்தமல்லிக்கும் கைலிக்கும் உயிர் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

நம்மை உறுத்துவது வேறு. சென்ற பெருநாளுக்கு முன் தோட்டத்து அம்மா ஒருவர் நம் கடைக்கு வந்தார். கைத்தொலைபேசியில் படம் பார்த்து, எண்பது வெள்ளி முன்பணம் கட்டி, துணி வரவழைத்திருந்தார். படத்தில் கரும்பச்சை, வந்ததோ வெளிறிய பச்சை, கொசுவலை போன்ற நெசவு. திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை. விற்றவர் நம்மவரே. "பாய் கடை என்று நம்பித்தான் வாங்கினேன்" என்றார் அந்த அம்மா. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நமக்கு இத்தனை வலித்திராது. இரண்டு மூன்று தலைமுறையாகக் கடன் புத்தகத்தில் வளர்ந்த நம்பிக்கை அந்த "பாய் கடை" என்ற சொல்லில் இருக்கிறது. விற்றவர் அன்று எண்பது வெள்ளிக்கு அதைத்தான் விற்றார்.

படத்துக்கு நிறமேற்றும் வித்தை புதிது என்று எண்ணவேண்டாம். அரபு நாட்டில் ஆட்டையும் ஒட்டகத்தையும் சந்தைக்குக் கொண்டுபோகுமுன் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைப்பார்கள். பெருத்த மடியைக் கண்டு, நிறையப் பால் தரும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவர். மடி உண்மையானது, உள்ளிருக்கும் பாலும் உண்மையானது, கண்ணுக்குக் காட்டிய கணக்கு மட்டும் பொய். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்ற உரிமையை வாங்கியவருக்கு அளித்தார்கள். மூன்று நாள் தவணையும் முஸ்லிமின் அறிவிப்பில் உண்டு. திருப்பும்போது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீத்தம்பழம் கொடுக்கவேண்டும். இரு தரப்புக்கும் எத்தனை நியாயமான தீர்ப்பு! இறால் கறிமேல் எண்ணெய் தடவிப் பளபளக்கச் செய்து, சின்னத் தட்டில் பெரிய துண்டை வைத்துப் பக்கத்திலிருந்து படம் பிடிப்பவர், கட்டிய மடியைத்தான் காட்டுகிறார்.

தானியக் குவியலின் ஹதீஸை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். உள்ளே கைவிட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னார். ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். படம் என்பது குவியலின் மேல்பக்கம். வாங்குபவர் உள்ளே கைவிட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே ஈரத்தை நாமே மேலே வைத்தாக வேண்டும். துணியின் அகலம், கலப்பு நூல், தூளின் எடை, மாங்காய் ஊறுகாய் என்று போட்ட நாள், சாயம் போகுமா போகாதா, இவையெல்லாம் படத்தின் கீழே எழுத்தில் இருக்கட்டும்.

மார்க்கச் சட்டமும் இந்த எழுத்தைத்தான் பற்றி நிற்கிறது. கண்ணால் காணாத பொருளை விற்பதில் ஷாபிஈ மத்ஹபு கடுமையானது. ஹனபி மத்ஹபில், கண்டபின் வேண்டாமென்று விடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. விவரத்தின் பேரில் முன்பணம் வாங்கி விற்கும் ஸலம் முறைக்கு இரு மத்ஹபிலும் இடமுண்டு. ஆனால் தன்மை, அளவு, தவணை யாவும் தெளிவாயிருக்கவேண்டும். விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின்படி சரக்கைப் பற்றிப் பொய் விவரம் தருவது குற்றம். விளம்பரமும் அதில் அடங்கும். ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய அமைப்போ தராத ஹலால் முத்திரையைப் படத்தில் ஒட்டுவதும் அப்படியே. நாம் முஸ்லிம்கள்தானே என்பது அங்கே பதிலாகாது. விலை விஷயத்திலும் நம் தம்பிமாரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படத்தைப் போட்டுவிட்டு, விலை கேட்டால் "பி.எம். தெப்பி" என்று எழுதுகிறார்கள். கேட்பவரின் தோற்றத்தைப் பார்த்து ஆளுக்கொரு விலை சொல்லவா இந்த ஒளிவு? முழு விலையையும் வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் மின்னியல் வணிக விதிகளிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

காசு கொடுத்து ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்ப்பதும், மைத்துனரை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வதும், எதிர்க்கடைக்குக் கெட்ட பேர் எழுதச் செய்வதும் நடக்கின்றன. வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்கு நஜ்ஷ் என்று பெயர். கேட்பாரில்லாத சரக்குக்குக் கேட்பார் இருப்பதுபோல் வேஷம் போடுவதே இரண்டிலும் நடப்பது.

படக்கருவி நம் கையில் மட்டும் இல்லை என்பதையும் மறக்கவேண்டாம். 2018-இல் கோலாலம்பூர் பங்சாரில் ஓர் உணவுக்கடை ஊழியர்கள் தேங்கிய நீரில் தட்டு கழுவிய காட்சியை யாரோ படம் பிடித்தார்கள். நாடெங்கும் அது பரவியது. அதிகாரிகள் கடையை மூட உத்தரவிட்டார்கள். முன்பக்கத்துப் படத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியைப் பின்பக்கத்துச் சாக்கடைக்குச் செலவழிக்கலாம்.

கெடாவில் நமக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று பகலில் நேரடி ஒளிபரப்பு வைத்தால் வியாபாரம் நன்றாக ஓடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஓடட்டும், ஜுமுஆவுக்குப் பின் ஓடட்டும். பாங்கு சொன்ன பிறகு முரசடித்தால் பார்ப்பவரையும் நாமே பள்ளியிலிருந்து இழுக்கிறோம்.

இன்னும் ஒன்று. ரமலானில் நம் கடைகள் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றன. இது நற்காரியம். ஆனால் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் கிழவரையும், விதவையையும், இந்தோனேசியத் தோட்டத் தொழிலாளியையும் முகம் தெரியப் படம் பிடித்துக் கடைப்பெயருடன் வெளியிடுகிறார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கச் சொன்ன மார்க்கத்தில் இது எதற்கு? அண்டாவைக் காட்டுங்கள், கரண்டியைக் காட்டுங்கள், எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். தேவையுள்ளவர் வந்து வாங்கிக்கொள்வார். வரிசையில் நிற்பவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.