வேண்டாம் என்று சொல்ல என்ன செலவாகும்?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? ஒரு கல்லூரி, ஒரு கோழிப்பண்ணை, ஒரு லாரிப் பட்டறை, மறுபடி ஒரு கல்லூரி. பிப்ரவரி, மார்ச் பிறந்தால் இந்தக் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் போர்டுகள் முளைக்கும். 'பன்னாட்டுக் கருத்தரங்கம்.' உற்றுப் பார்த்தால் மலேசியாவிலிருந்து ஒருவர், இலங்கையிலிருந்து ஒருவர் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு அவர்கள் வரவேண்டிய அவசியம்கூட இல்லை. கூகுள் மீட்டில் பத்து நிமிஷம் முகம் காட்டினால் போதும், பன்னாடு ஆகிவிடும்.

கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. நான் பி.காம். படித்தவன். எந்த விழாவைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது, 'இதுக்கு யார் காசு?' என்பதுதான்.

நாமக்கல் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் நடத்தும் நண்பரிடம் கேட்டேன். போன வருஷம் அவர்தான் ஒருங்கிணைப்பாளர். கணக்கு ரொம்ப எளிமையானது. கல்லூரி கொடுப்பது ஹாலும் மைக்கும். மற்றதெல்லாம் கட்டுரை வாசிக்க வருகிறவர்கள் கட்டும் பதிவுக் கட்டணம். அதில்தான் சாப்பாடு, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஐ.எஸ்.பி.என். நம்பர் போட்ட தடிமனான புத்தகம் எல்லாம். துண்டு விழுந்தால் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்திலிருந்து போட வேண்டும். போட்டிருக்கிறார்.

"எத்தனை கட்டுரை வந்துது?"

"நூத்தி எண்பதுங்ணா."

"எத்தனைய வேண்டாம்னு திருப்பி அனுப்பினீங்க?"

சிரித்தார். "காசு வாங்கிப்போட்டு எப்படிங்ணா வேண்டாம்ங்கறது?"

நூற்று எண்பது கட்டுரை. நான்கு அறை. ஒரு அறைக்கு நாற்பத்தைந்து. வரவேற்பு, சாப்பாடு, நிறைவு விழா போக ஐந்து மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். தலைக்கு ஆறு நிமிஷம் நாற்பது செகண்ட். மேடை ஏறி, மைக்கைச் சரி செய்து, அவையோரை விளித்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆறு மாசம் கல்வெட்டைத் தேடி அலைந்து எழுதிய கட்டுரைக்கும் முந்தின நாள் ராத்திரி இன்டர்நெட்டிலிருந்து ஒட்டிய கட்டுரைக்கும் அதே ஆறு நிமிஷம், அதே சான்றிதழ்.

யாரைக் குற்றம் சொல்வது? யு.ஜி.சி. 2010-ல் ஏ.பி.ஐ. என்று ஒரு புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. ஆசிரியர் என்ன செய்தாலும் அதற்கு மார்க். சர்வதேசக் கருத்தரங்கில் வாசித்தால் தேசியக் கருத்தரங்கைவிட மார்க் கூடுதல். 2018-ல் விதியை மாற்றினார்கள். அந்த உசத்தி மட்டும் போகவில்லை. பதவி உயர்வுக்கு மார்க் வேண்டும், மார்க்குக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குக் காசு. குடும்பம் நடத்தவே போதாத சம்பளத்தில் இருக்கிற விரிவுரையாளர் அந்த ஆயிரத்தை ஜி-பே பண்ணுவதில் என்ன அதிசயம்?

ஆனால் காசு கட்டியவுடன் ஒன்று நடந்துவிடுகிறது. அவர் ஆய்வாளர் இல்லை, கஸ்டமர். கஸ்டமரிடம் 'உங்கள் கட்டுரை இன்னும் வேகவில்லை' என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். ஒரு சபைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை வேண்டுமென்றால், அந்தச் சபையின் சாப்பாட்டுச் செலவை வேறு யாரோ ஏற்றிருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நோம்பிக்குக் கூத்து வைக்கிறார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூல் பண்ணிக் கூத்து ஜமாவுக்குக் கொடுக்கிறார்கள். வேஷம் கட்டுகிறவர் காசு கொடுத்து ஆடுவதில்லை. ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஜமா. பக்கத்து ஊரிலிருந்து சும்மா பார்க்க வந்தவரும் பாய் விரித்து விடிய விடியப் பார்த்துவிட்டுப் போகலாம். ஊர் காசு, ஊர் தீர்ப்பு. கருத்தரங்கில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஆடுகிறவரே காசு கட்டுகிறார், பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. இரண்டாம் வருஷப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

'அப்படியானால் அரசாங்கமே மொத்தமாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?' என்று கேட்பீர்கள். அந்தக் கதையும் நமக்குத் தெரியும். கோவை ரொம்ப தூரமில்லை.

1964-ல் டெல்லியில் கீழைத்தேய ஆய்வாளர் மாநாட்டுக்கு வந்த இடத்தில், தனிநாயகம் அடிகள் முதலான சிலர் உட்கார்ந்து பேசி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை ஆரம்பித்தார்கள். 1966-ல் முதல் மாநாடு கோலாலம்பூரில். அங்கே மலாயா பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த அடிகள்தான் முன்னால் நின்றார். அங்கே வாசித்த கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வந்தன. இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். 1968-ல் சென்னை மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலைகளைத் தெரியாதவர் கிடையாது. அங்கே வாசித்த கட்டுரை ஒன்றின் தலைப்பாவது நமக்கு ஞாபகம் இருக்கிறதா?

2009 செப்டம்பரில், அடுத்த ஜனவரியிலேயே கோவையில் உலகத் தமிழ் மாநாடு என்று தமிழக அரசு அறிவித்தது. மன்றத்தின் தலைவர் அப்போது நொபுரு கராஷிமா. சோழர் காலக் கல்வெட்டுகளை வருஷக்கணக்கில் வாசித்து எண்ணிப் பார்த்த ஜப்பானியர். 'இவ்வளவு சீக்கிரம் முடியாது, ஆய்வாளர்களுக்கு அவகாசம் வேண்டும்' என்றார். அரசு ஜூன் வரை இறங்கி வந்தது, அதற்குமேல் இல்லை. மன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே, செம்மொழி மாநாடு என்று பெயர் மாற்றி, 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் விமரிசையாக நடந்தது. நல்ல கட்டுரைகளும் அங்கே வந்தன, மறுக்கவில்லை. ஆனால் 'இப்போது வேண்டாம்' என்று சொன்னவர் பேச்சு எடுபடவில்லை. நாமக்கல் கருத்தரங்கில் ஆயிரம் ரூபாய் பறித்த அதே உரிமையைத்தான் அங்கே கஜானா பறித்தது.

பி.காமில் ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வரும். வவுச்சர் எழுதுகிறவரும் அதைப் பாஸ் பண்ணுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். காசு கொடுக்கிற கை வேறு, கட்டுரையை எடைபோடுகிற கை வேறு. இந்த ஏற்பாட்டைச் செய்யத் தோதான இடம் பல்கலைக்கழகம்தான். ஒரு துறைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டு, யாரைக் கூப்பிடுகிறாய், யாரைக் கூப்பிடவில்லை என்று கேட்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. பல்கலைக்கழகத்தின் காசு என்பது யார் காசு? 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நாலு மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் தேர்வுக் கட்டணத்துக்கும் இணைப்புக் கட்டணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதாவது பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள் கட்டுகிற பணம். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை என்று அவள் மனு எழுதிக்கொண்டிருக்கும்போது, வெளிநாட்டுப் பேராசிரியருக்கு விமான டிக்கெட் போடுவது நியாயமா?

சுலபமான பதில் கிடையாது. ஆனால் திருச்செங்கோட்டுக்காரர்களைப் பாருங்கள். இந்தியா பூரா ரிக் வண்டி கொண்டுபோய் போர் போடுகிற ஊர். அடிக்கு இவ்வளவு என்றுதான் ரேட். தண்ணீர் வந்தாலும் காசு, புகை வந்தாலும் காசு. நகையை அடகு வைத்த விவசாயியும் அதற்குச் சம்மதித்துத்தான் வண்டியை நிறுத்துகிறார். ஆனால் பக்கத்திலேயே நின்று எத்தனை குழாய் இறங்கியது என்று எண்ணுவார். அந்தப் பெண்ணின் பணத்தில் பேராசிரியர் வரலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். பன்னிரண்டு கட்டுரை போதும். மிச்ச நேரத்தில் அவள் எழுந்து கேள்வி கேட்கட்டும். பொன்னாடைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் அவள் காசில் ஒரு ரூபாய் கூடாது.

நண்பர் இந்த வருஷம் பதிவுக் கட்டணம் இல்லாமல் நடத்திப் பார்க்கலாம் என்று நிர்வாகத்திடம் ஐம்பதாயிரம் கேட்டு எழுதியிருக்கிறார். பன்னிரண்டு கட்டுரை மட்டும், மற்றவை திருப்பி அனுப்பப்படும் என்றும் சேர்த்திருக்கிறார். ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது: 'இதனால் கல்லூரிக்கு என்ன லாபம் என்று தெரிவிக்கவும்.'

"என்ன எழுதறதுங்ணா?" என்று நேற்று ராத்திரி போன் பண்ணினார். இரண்டு வரி சொன்னேன், அவருக்குத் திருப்தியில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டுமாம். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.