அந்தக் காலத்து கார்

உங்களிடம் ஒரு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதானே, காசா பணமா! நீங்கள் இருப்பது இங்கிலாந்தில். கார் 1964-ல் ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்தது. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய மாடல் என்பதால், மியூசியத்தில் வைக்கிற அபூர்வம் ஒன்றுமில்லை. ஆனால், இதன் அண்ணன் ஒருவன் 1963-ல் பிரான்ஸின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடியிருக்கிறான். ஆரம்பத்திலேயே மணலில் புதைந்துவிட்டது கார். ஓட்டியவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தானே தோண்டி வெளியே எடுத்தார். அதற்கப்புறமும் தன் பிரிவில் முதலாவதாக வந்தது! இப்படி ஒரு குடும்பப் பெருமை இருந்தால் சும்மா ஷெட்டில் நிறுத்திவைக்க மனசு வருமா? பழைய கார்களுக்கென்றே நடக்கிற பந்தயத்தில் இறக்க ஆசைப்படுகிறீர்கள்.

இறக்கலாம். அதற்கு முன்னால் எஃப்.ஐ.ஏ. என்கிற சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாஸ்போர்ட் வேண்டும். உங்களுக்கு அல்ல, காருக்கு. ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட் என்று பெயர். இதற்கான சட்டதிட்டம் எல்லாம் 'அப்பெண்டிக்ஸ் கே' என்ற தொகுப்பில் இருக்கிறது. படித்தால் தூக்கம் வரும் ரகம்தான். ஆனால், அதற்குள் இரண்டு விஷயங்கள் என் தூக்கத்தைக் கெடுத்தன.

ஒன்று, காரின் வயதை அது பிறந்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அதன் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 1965 டிசம்பர் 31-ஓடு முடிகிற காலகட்டத்துக்கு 'எஃப்' என்று பெயர். உங்கள் கார் அதில்தான் வரும். ஆனால், பிற்காலத்து சமாசாரத்தை உள்ளே நுழைத்திருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் 1964 என்று இருந்தாலும் அந்த வயது செல்லாது.

இரண்டாவது, சாட்சி. 'அந்தக் காலத்தில் இப்படிச் செய்திருப்பார்கள்' என்று சொன்னால் போதாது. செய்தார்கள் என்று காட்ட வேண்டும். கம்பெனி அன்று கொடுத்த படிவம், அன்றைய போட்டோ, அன்றைய கையேடு... ஏதாவது ஒன்று. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். யோசித்துப் பாருங்கள், இந்த விதியை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 'எங்க தாத்தா காலத்துல எவனும் பொய்யே பேச மாட்டான்' என்று ஆரம்பிக்கும்போதே, 'சரிங்க, அந்தப் படிவத்தை எடுங்க' என்று கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

சரி, அந்தப் படிவமாவது யோக்கியமா? அங்கேதான் வேடிக்கை. அந்த நாளில் கிராண்ட் டூரிங் பிரிவில் ஓட 100 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி கம்பெனி 250 ஜி.டி.ஓ. காரை 1962 முதல் 1964 வரை செய்தது மொத்தம் 36. 'இது புதுக் கார் இல்லை, எங்களுடைய பழைய 250 ஜி.டி.யையே கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்' என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். அடுத்து 250 எல்.எம். காருக்கும் அதே பாட்டைப் பாடியபோது எஃப்.ஐ.ஏ. ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஜி.டி.ஓ.வைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர், அன்றைக்குச் சொன்ன சாமர்த்தியமான கதைக்கு அட்சரம் பிசகாமல் உண்மையாக இருக்க வேண்டும்! எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. சாமர்த்தியமும் அந்தக் காலத்தில் நடந்ததுதானே? நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

உங்கள் காருக்கு வருவோம். வெளியே தெரிவதெல்லாம் சரியாகிவிட்டது. பழைய மாதிரிப் பட்டன் போட்ட டயரை டன்லப் இன்னும் இந்தப் பந்தயங்களுக்காகச் செய்கிறது, வாங்கி மாட்டியாயிற்று. மிச்சம் இருப்பது 1,798 சி.சி. எஞ்சின். மூடி போட்ட பாத்திரம். உள்ளே என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு பந்தயத்திலும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பழைய கார்கள் பல, தங்கள் இளமையில் ஓடியதைவிட இன்றைக்கு வேகமாக ஓடுகின்றன. ஓட்டுகிறவரின் திறமை, நல்ல ஆயில், சீரான ரோடு என்று நேர்மையான காரணங்கள் உண்டு. நேர்மையில்லாத காரணங்களும் உண்டு.

பெரிய பரிசுப் பணம் கிடையாது. ஒரு கோப்பை, கொஞ்சம் கைதட்டல். அதற்கு ஏமாற்றினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உங்களுக்குப் பின்னால் நேர்மையான எஞ்சினோடு வருகிறவருக்கு நஷ்டம், அது தெரிந்ததுதான். அவராவது கமிட்டியிடம் போய்ப் புகார் கொடுக்கலாம். கேலரியில் ஒரு பையன் அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். உங்கள் கார் பறப்பதைப் பார்த்து, '1964-லேயே இப்படிப் போச்சாப்பா?' என்கிறான். 'ஆமாடா' என்கிறார் அப்பா. போகவில்லை. அன்றைக்கு அதே காரை அதன் பலவீனத்தோடு ஓட்டி, வளைவில் தடுமாறி, எஞ்சின் உடைந்து பாதியில் நின்ற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை நீங்கள் சுலபமாக்கிக் காட்டிவிட்டீர்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. புகார் கொடுக்க வர மாட்டார்கள்.

அப்படியானால் எல்லாமே அன்று போல் இருக்க வேண்டுமா? அப்பெண்டிக்ஸ் கே-யே அப்படிச் சொல்லவில்லை. தீயணைப்புக் கருவி, கரன்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச், சீட் பெல்ட் இதெல்லாம் கேட்கிறது. லெமானில் ஓட்டுநர்கள் ரோட்டுக்குக் குறுக்கே ஓடிவந்து, காரில் ஏறிக் கிளப்புவது வழக்கமாக இருந்தது. அவசரத்தில் பெல்ட் மாட்ட யாருக்கு நேரம்? 1969-ல் ஜாக்கி இக்ஸ் அதை எதிர்த்து நிதானமாக நடந்துபோனார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். பந்தயத்தை ஜெயித்தது இக்ஸ்! அடுத்த வருஷம் அந்த ஓட்டம் இல்லை. அந்தப் பழைமையைத் திரும்பக் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. பிரேக் பட்டையில் இருந்த கல்நாரையும் பெட்ரோலில் இருந்த ஈயத்தையும்கூடத்தான்.

ஆக, உயிரைக் காப்பாற்றும் புதுசுக்கு அனுமதி, ஜெயிக்கவைக்கும் புதுசுக்குத் தடை என்று கோடு போட்டுவிடலாமா? போட்டுப் பாருங்கள். கோடு எஞ்சினுக்குள் போனதும் கலைந்துவிடும். பழைய மாதிரி கனெக்டிங் ராட் அதிக வேகத்தில் உடையும். உடைந்தால் எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் ரோட்டில் கொட்டும். பின்னால் வருகிறவன் வழுக்குவான். எனவே, பாஸ்போர்ட்டில் சொல்லாத, இன்றைய எஃகில் செய்த உறுதியான ராட் போடுவது பாதுகாப்புதானே? பாதுகாப்புதான். ஆனால், உடையாத ராட் என்று தெரிந்த பிறகு உங்கள் வலது கால் சும்மா இருக்காது. ஆயிரம் சுற்று கூடுதலாக மிதிக்கும். பயம் போன இடத்தில் வேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1964-ல் ஓட்டியவருக்கு அந்தப் பயம்தான் பிரேக்.

மெக்கானிக் இரண்டு செட்டையும் மேஜையில் வைத்திருக்கிறார். ஒன்று பழைய அச்சில் செய்தது. இன்னொன்று பளபளவென்று இருக்கிறது. இன்று வியாழன், சனிக்கிழமை பந்தயம். பாஸ்போர்ட்டில் சீல் எல்லாம் சரியாக இருக்கிறது. கையைத் துணியில் துடைத்தபடி, 'எதைப் போடட்டும்?' என்று உங்களைத்தான் கேட்கிறார்.