பரணும் பத்தாயமும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பொட்டலில் டூரிங் டாக்கீஸ் ஓடிய நாளில், ஆப்பரேட்டர் அண்ணன் வெட்டிப் போட்ட ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தது. தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது கொட்டகைக்குள் மணல் குவித்து உட்கார இடம் கிடைக்காது. பகலில் எங்களுக்குத் தனிக் கொட்டகை. ஜன்னல் வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, பூதக்கண்ணாடிக்கு முன்னால் ஃபிலிம் துண்டைப் பிடிப்போம். தலைகீழாகப் பிடித்தால்தான் சுவரில் ஆள் நேராக நிற்பார்.

போன மாதம் டப்பாவைத் திறந்தேன். குப்பென்று காடி வாடை. துண்டுகள் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அசிட்டேட் ஃபிலிம் கெட்டால் வருகிற வாடை அது. யாரும் தொடாமலே, பூட்டிய இடத்திலேயே அது அழிந்துகொண்டிருந்திருக்கிறது.

பெரியவர்கள் எடுத்த படங்களுக்கும் இதே கதிதான். நடராஜ முதலியாரின் மௌனப்படமான ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ பிரதியும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். ஃபிலிமின் சங்கடம் இரண்டு பக்கமும் உண்டு: ஓட்டினால் கீறல் விழும், ஓட்டாமல் வைத்தால் புளித்துப்போகும்.

டப்பாவை மூடும்போது ஆதிரெங்கம் கிராமம் நினைவுக்கு வந்தது. பாரம்பரிய நெல்லைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் அங்கே நடத்திய நெல் திருவிழாவுக்கு ஒரு கோடையில் போயிருந்தேன். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்புக் கவுனி என்று பெயர் எழுதிய சீட்டுகளோடு நெல் வரிசையாக இருந்தது. அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததுபோல் கையைக் கட்டிக்கொண்டே பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “அள்ளிப் பாருங்க தம்பி, நெல்லுதானே” என்றார்.

திருவிழாவில் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. 2 கிலோ விதை வாங்கினால், விளைந்த பிறகு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டது இப்படிக் கைமாற்றித்தான். விதைநெல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் சில வருஷத்தில் முளைப்புத் திறன் போய்விடும். வயலுக்குப் போய்விட்டு வந்தால்தான் அதற்கு உயிர். 2018 டிசம்பரில், கஜா புயல் அடித்த மூன்றாம் வாரத்தில் ஜெயராமன் இறந்துபோனார். நெல் அப்போது எத்தனையோ பேர் வீட்டுப் பத்தாயத்தில் இருந்தது.

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அம்மா நெல் அளந்த மரக்கால் இருக்கிறது, பித்தளைப் பூண் பளபளக்கத் துடைத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு நடவுப் பாட்டு நிறையத் தெரியும். ஒன்றைக்கூட நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அந்தக் கோடையில் ஆதிரெங்கத்திலிருந்து நான் வாங்கி வந்தது குழியடிச்சான், உவர் நிலத்துக்கு ஏற்ற ரகம். மச்சான் தன் கடைமடை வயலில் விதைத்தார். மறு வருஷம் 4 கிலோவைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு அங்கே போனேன். தராசில் வைத்தவர் எடையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பிடி அள்ளி ஊதிவிட்டு, “உப்புத் தண்ணியில எப்படி வந்துச்சு, சொல்லுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.