உறுதியில்லாக் குடிகள்

வீடு கட்டியவனுக்கே முழுதும் உரியதோ? யாழ்ப்பாணத்து ஓட்டுக் கூரைகளின் இடுக்கிலே சிட்டுக்குருவிகள் குடியிருந்தன. அவற்றிற்கென முட்டி தொங்கவிட்டோரும் உளர். மொட்டைப் பனையின் பொந்து கிளிக்கும், ஓலையின் அடிப்புறம் பனை உழவாரனுக்கும் மனையாயின. சீமெந்துத் தட்டுக்கூரையிலோ இடுக்கில்லை. பட்ட பனையைத் தறித்தாற் பொந்துமில்லை.

காணியுறுதி இல்லாத உயிர்க்கு உரிமை ஏதென்பர். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணி விற்பவன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னறிவித்தல் வேண்டுமென்றது. உடைமை ஒருவன் விருப்போடு முடிவதன்று என்பதே அதன் உட்கருத்து. அது மனிதரைக் கருதியதே. எனினும் அக்கருத்தை மனிதரோடு நிறுத்த நியாயம் யாது?

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை நீங்கியோர், உறுதி கையிலிருந்தும் மனையிழந்தனர். தென்மராட்சியில் அவர்க்குத் திண்ணை கொடுத்தோர் உறுதி கேட்டிலர். சுவரில் ஒரு துவாரம் விடுதலும், பட்ட பனையொன்றைத் தறியாது விடுதலும் அக்கடனிற் சிறிது தீர்த்தலாகும்.