யாருடைய மெட்டு?

திருடுவது பாவம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால், எடுத்தவனுக்கே தெரியாமல் ஒரு திருட்டு நடந்துவிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன், 1970-இல் 'மை ஸ்வீட் லார்ட்' என்ற பக்திப் பாடலை வெளியிட்டார். கிருஷ்ண நாமமும் கலந்து வரும் அந்தப் பாட்டு எங்கும் பரவியது. மறு ஆண்டே வழக்கு வந்தது. 1963-இல் சிஃபான்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடிய 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' என்ற காதல் பாட்டின் மெட்டுத்தான் இது என்றார்கள். அதை இயற்றிய ரொனால்ட் மாக் என்ற இளைஞர் அந்த 1963-லேயே காலமாகிவிட்டார்.

1976-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரிச்சர்ட் ஓவன், தாமே இசைநாடகங்கள் இயற்றியவர். மெட்டை அவர் பிரித்துப் பார்த்தார். நம் ஸ்வரத்தில் சொன்னால், 'ப க ரி' என்று ஒரு துண்டு, 'ப த ஸ த ஸ' என்று மற்றொரு துண்டு. தனித்தனியே அவை ஊர்ச் சொத்து. ஆனால், முதல் துண்டு நான்கு தடவையும் அதையடுத்து இரண்டாவது பல தடவையும் வருகிற அந்த வரிசை பொதுச் சொத்து அல்ல. ஹாரிசன் வேண்டுமென்று செய்யவில்லை. பழைய பாட்டு அவருடைய ஆழ்மனத்தில் கிடந்து வேலை செய்தது என்றார் நீதிபதி. இருந்தும், உரிமை மீறல் மீறல்தான் என்று முடித்தார்.

சட்டம் பொருளைப் பார்க்கிறது. அறம் மனத்தைப் பார்க்கிறது. "ஆகா, கிடைத்துவிட்டது!" என்று துள்ளுகிறோமே, அந்த மகிழ்ச்சி பல சமயம் பழைய நண்பனை அடையாளம் கண்ட மகிழ்ச்சிதான். அதைத் தடுக்க எந்தக் கலைஞனாலும் முடியாது. சந்தேகப்பட மட்டும் முடியும். அதே குழுவின் பால் மெக்கார்ட்னி, கனவில் வந்த ஒரு மெட்டைத் தம்முடையது என்று நம்பாமல், "இது யார் பாட்டு?" என்று பல வாரம் பலரிடம் கேட்டுத் திரிந்தார். எவரும் உரிமை கொண்டாடாத பிறகே அது 1965-இல் 'யெஸ்டர்டே' என்று வெளியாயிற்று.

எனக்கும் ஒரு தொடர்கதையின் முடிவு ஒரே இரவில் வந்து விழுந்தது. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. பிறகு ஒரு நாள், பதினாறு வயதில் படித்த பழைய நாவலை எடுத்துப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தில் அதே முடிவு! எவரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எடுத்ததற்கு ஆழ்மனத்தின்மேல் பழி போடலாம். தெரிந்த பின்னும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு யார்மேல் போடுவது?