கங்கையில் முழுகினால் கணக்குத் தீருமா?

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்குச் சாமி கும்பிடத்தான் போக வேண்டும் என்றில்லை. ஊரின் பழைய கல்வெட்டுச் செய்திகளைத் தேடியும் போகலாம். நான் இரண்டாவது ரகம்.

வல்லபன் என்று ஒருவன். சேர நாட்டுக்காரன், சோழ இளவரசன் இராசாதித்தனின் நண்பன், படைத்துணை. 949இல் தக்கோலப் போரில், யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் மாண்டபோது வல்லபன் பக்கத்தில் இல்லை. கூடச் சாகவில்லையே என்ற உறுத்தல் அவனைத் தின்றது. கங்கைக்குப் போய் முழுகினான். பிறகு திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனார். மடத்துக்கும் தலைவரானார். தாம் பிறந்த அவிட்ட நாளில் வழிபாடு நடக்கப் பொன்னும் கொடுத்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு யாருடைய ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது தெரியுமா? மூன்றாம் கிருஷ்ணனுடையது. தக்கோலத்தில் இராசாதித்தனைச் சாய்த்த படைக்கு அரசன் அவன்தான்!

அந்தத் துயரத்தை நான் கேலி செய்யவில்லை. உறுத்தாத மனசைவிட உறுத்தும் மனசு எவ்வளவோ மேல். ஆனால், ஓர் இளவரசனுக்காக உலகையே துறந்தவர், அதே களத்தில் விழுந்த காலாட்களின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தாரா? கங்கை இதைக் கேட்காது. கங்கையின் வசதியே அதுதானே!

எகிப்திலும் ஒரு படைவீரர் துறவியானார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானியப் படைக்குக் கட்டாயமாகப் பிடித்துப்போய், தீப்ஸ் நகரில் அடைத்து வைத்திருந்த இளைஞர்களில் ஒருவர் பக்கோமியுஸ். முன்பின் தெரியாத சிலர் அவர்களுக்கு உணவு கொண்டுவந்தார்கள். யார் இவர்கள் என்று விசாரித்தார். கிறித்தவர்கள் என்று பதில் வந்தது. பின்னாளில் தபென்னேசியில், துறவிகள் கூடி வாழும் மடத்தை நிறுவியவர் அவர். பாய் முடைவதும் அங்கே துறவின் ஒரு பகுதி. இதைத் தேவ அருள் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த உணவு வானத்திலிருந்து விழவில்லை. யாரோ கண் எரிய அடுப்பூதிச் சமைத்தது. அதைத் தர மனிதனாக இருந்தால் போதாதா?

நாம் என்ன செய்கிறோம்? பௌர்ணமிக்கு மேலூர், திருவொற்றியூர், வட திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிட ஓடுகிறோம். ஓடுங்கள், உங்கள் கால். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இரண்டு மாதக் கூலியைப் பாக்கி வைத்துவிட்டு உண்டியலில் ஒரு நோட்டை மடித்துப் போடுகிறீர்களே, அது யார் வீட்டு நோட்டு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. படகில் போய் அதை வாளியில் அள்ளியவர்கள் மீனவர்கள். வலை கறுத்தது, படகு கறுத்தது, தொழிலும் போனது. பாவம் தீரக் காசிக்கு டிக்கெட் எடுக்கும் ஐயா, ரயில் ஏறுமுன் நம்ம கொசஸ்தலை ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுப் பாருங்களேன்.